தோல் எறிந்த கறை

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பெயின்ட் அடிப்பார்கள். போன தடவை காரிடார் சுவருக்கு ஒரு மண் நிறத்தை அடித்துவிட்டுப் போனார்கள். அழுக்கு தெரியாது என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அது பிடிக்கவில்லை. அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் துடைக்க முடியும் என்பது என் கட்சி. இந்தத் தடவை வெள்ளை என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மருமகள் வாசித்துச் சொன்னதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

வெள்ளை என்றால் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தவள் நான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்மாரின் கோட்டு எல்லாம் வண்டி வண்டியாக வரும். கறையைப் பார்த்ததும் அது ரத்தமா, அயோடினா, மஞ்சளா, ஊக்கு துருப்பிடித்ததா என்று சொல்லிவிடுவேன். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் விட்டால் ஆயுசுக்கும் போகாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. புதுசாக வந்த பிள்ளைகள் துணியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். படிப்பு எனக்கு மூணாம் வகுப்போடு நின்றது. கையெழுத்துப் போடுவேன், தமிழைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். ஆனால் கறை விஷயத்தில் நான் சொன்னதுதான் முடிவு. பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், நாலாவது மாடி, காரிடாரில் கடைசி வீடு. நான், மகன், மருமகள் மூன்று பேர். கடைசி வீடு என்பதால் அந்த மூலையை நான் என்னுடையதாக்கிக்கொண்டேன். வெளிப்பக்கத்துக் கைப்பிடிச் சுவருக்கு அடியில் வரிசையாகப் பதினாலு தொட்டி. கறிவேப்பிலை, துளசி, மல்லிகை, சோற்றில் வாசனைக்குப் போடுகிற பாண்டான், கற்பூரவல்லி. அவ்வளவு வைக்கக் கூடாதுதான். ஆனால் அந்த மாடியில் என் கறிவேப்பிலையைக் கிள்ளாத வீடு கிடையாது. அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பெயின்ட் வேலைக்கு இரண்டு மாசம் முன்னால் மகன் என்னை ஊர்க்கோடியில் இருக்கிற கிராஞ்சிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு நர்சரியில் மர நறுக்கு மூட்டை மூட்டையாக வைத்திருந்தார்கள். மரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கியது. தொட்டி மண்மேல் விரித்துவிட்டால் ஈரம் காயாதாம். இரண்டு மூட்டை வாங்கி வந்து பதினாலு தொட்டிக்கும் பரப்பினேன். பார்க்கவும் லட்சணமாக இருந்தது.

பெயின்ட் அடிக்க வந்தவர்களில் ஒருவர் நாற்பது தாண்டியவர். அறந்தாங்கிப் பக்கம் என்று சொன்னார். மற்றவர்கள் உருளையை வைத்து ஓட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். இவர் மட்டும் மூலையையும் இடுக்கையும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் பிரஷ்ஷை வைத்தார். நான் கம்பிக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை தெரிந்த ஆள் என்று மனசுக்குள் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

என் சுவர் முடிந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். குழாய்க் கம்பிகளுக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்ட் டப்பா பக்கத்தில் இருந்தது. அதில் விரல் நுனியைத் தொட்டு, கதவுக்குப் பக்கத்தில் கீழ் மூலையில் ஒரு பொட்டு வைத்தார்.

"என்ன தம்பி இது?" என்று கேட்டேன்.

"திருஷ்டிக்கும்மா. சுவரு நல்லா அமைஞ்சா வைக்கிறது எனக்குப் பழக்கம்."

"உங்க வீட்டுச் சுவத்துல வையுங்க. இது வெள்ளையா இருக்கணும். அழிச்சிடுங்க."

பின்னால் ஏணியை மடக்கிக்கொண்டிருந்த ஒருவன், "அண்ணே, இந்தச் சுவத்துக்கு அம்மா பாக்குற பார்வையே போதும், வேற கண்ணு கிட்ட வராது" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. சரிம்மா என்று சொல்லி, வெள்ளையைத் தொட்டு அந்த இடத்தில் இரண்டு தடவை அடித்துவிட்டு, மேல் மாடிக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளைச் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. ஒவ்வொன்றும் கடுகு அளவு. முழங்கால் உயரத்திலிருந்து என் தலைக்கு மேல் வரைக்கும் தெறித்திருந்தது. நாற்பது வரை எண்ணி, அதற்குமேல் எண்ணப் பிடிக்காமல் விட்டேன்.

தண்ணீர் போட்டுத் துடைத்தேன், அசையவில்லை. சோப்பு, அதுவும் இல்லை. மண்ணெண்ணெய் தொட்டுப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினால் கறுப்பு மட்டும் பெயர்ந்து வந்தது. அடியில் பழுப்பாக ஒரு வட்டம் நின்றது. ஒட்டின விதத்தைப் பார்த்தால் எண்ணெய்ப் பெயின்ட் மாதிரிதான் இருந்தது. கறுப்பு. பிரஷ்ஷை வேண்டுமென்று உதறினால் இப்படித்தான் தெறிக்கும். பொட்டை அழிக்கச் சொன்னதற்கு ஆத்திரம், ஒன்றை அழிக்கச் சொன்னாயா, இந்தா நூறு என்று உதறிவிட்டுப் போயிருக்கிறார். என் புத்திக்கு அப்படித்தான் பட்டது. அதற்கப்புறம் வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அனுப்பினேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன், முப்பத்தைந்து வயசு இருக்கும். கையை விட்டு டேப்லெட் இறங்காது. அவர் வந்து சுவரைப் பார்த்தார். மேல் மாடியிலிருந்து அந்தப் பெயின்டரை வரச் சொன்னார். கூட வேலை செய்கிறவர்களும் இறங்கி வந்தார்கள். பக்கத்து வீடுகளிலும் கதவு திறந்தது.

"அண்ணே, இது உங்க வேலையா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"மொத நாளு ஒண்ணு வெச்சேன் சார். அம்மா சொன்னாங்க, அப்பவே அழிச்சிட்டேன். இது நான் இல்ல."

ஒன்று வைத்தேன் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அதுவே போதும் என்று அங்கே நின்றவர்கள் முகத்தில் தெரிந்தது. சூப்பர்வைசர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், மெதுவாகச் சொன்னார்.

"ஆன்ட்டி, இவருக்கு இந்த மாசம் வொர்க் பெர்மிட் ரினியூ பண்ணணும். கம்ப்ளெய்ன்ட் ஃபார்ம் ஆபீஸுக்குப் போச்சுன்னா பண்ண மாட்டாங்க லா. ஊருக்கு அனுப்பிடுவாங்க. நீங்க ஷுவரா?"

மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "முப்பத்தொரு வருஷம் கறையோட இருந்தவ நான். எது யாரு கையால வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

அந்த டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டேன். பெர்மிட் விஷயம் தெரியாமல் போட்டேன் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. தெரிந்துதான் போட்டேன். அந்தப் பெயின்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கையிலிருந்த துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தார். மறுநாளிலிருந்து அவர் எங்கள் புளோக்குக்கு வரவில்லை. கிராஞ்சியில் அவர்கள் தங்குகிற டார்மிட்டரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று அந்த ஏணிக்காரன் சொன்னான். என் சுவரை வேறு ஆள் வந்து மறுபடி வெள்ளையாக்கினார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மோர் மிளகாய் போட்டேன். ஞாயிறு வேலையாட்களுக்கு லீவு, காரிடார் காலி. பழைய வெள்ளை வேட்டித் துண்டை ஒரு நாற்காலியில் விரித்து, மிளகாயைப் பரப்பி, வெயில் படுகிற மாதிரி தொட்டிகளுக்கு நேராக வைத்தேன். கம்பிக் கதவைத் திறந்துவைத்து வாசலுக்கு உள்ளேயே உட்கார்ந்து பூண்டு உரித்தேன். காக்கா வந்தால் விரட்ட வேண்டுமே. மனுஷர் யாரும் வரவில்லை. மத்தியானம் மிளகாயைத் திருப்பிப் போடப் போனேன். துண்டில் ஏழு கறுப்புப் புள்ளி.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். புது வெள்ளையின் மேலும் வந்திருந்தது.

மகன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தான். மிளகாயை ஒரு தட்டில் கொட்டினேன். துண்டை உதறி எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்குச் செய்யாததை இப்போது செய்தேன். புள்ளியை நகத்தில் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினேன். பெயின்ட் என்றால் பொடியாகும், இல்லாவிட்டால் தோலாக உரியும். இது உருண்டையாக இருந்தது. வெளியே கறுப்பு, பிசின் மாதிரி ஒரு ஒட்டல். உள்ளே வெள்ளையாக மாவு போல இருந்தது. மோந்து பார்த்தேன். மழை நின்ற பிறகு மரத்தடியில் வருமே, அந்த வாசனை. முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு கறை என் கைக்கு வந்ததில்லை.

மறுநாள் காலையில் நாற்காலியைக் கொண்டுபோய்த் தொட்டிகளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். சுவர் ஓரமாக ஒரு பழைய காலண்டர் தாளை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்துவைத்தேன். எனக்கு என்ன அவசரம். ஒன்பது மணி வாக்கில் தாளில் டிக் என்று ஒரு சத்தம். அரிசி ஒன்று விழுந்த மாதிரி. பார்த்தால் ஒரு புள்ளி. சத்தம் வந்தது தாளில், ஆனால் அதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் மல்லிகைத் தொட்டிப் பக்கம் இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது போல இருந்தது. எழுந்து போய் மல்லிகைத் தொட்டிக்கு மேல் குனிந்தேன்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. மருமகள் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. கூப்பிட்டேன். அவள் போனை மர நறுக்குக்குக் கிட்டே கொண்டுபோய், "அத்தை, ஸூம் பண்றேன், இப்ப பாருங்க" என்றாள்.

மர நறுக்கின் மேல் சின்னச் சின்ன உருண்டைகள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, வெளுப்பும் மஞ்சளுமாக. சிலது மூடியபடி இருந்தது. மேல் தோல் சொரசொரப்பாக, மரத்தூள் ஒட்டி, தொட்டிக்குள் இருப்பதே தெரியாதபடி. சிலது வெடித்திருந்தது. கண்டபடி வெடிக்கவில்லை, கத்தரித்து வைத்தது போல ஆறேழு இதழாகத் தோல் பிளந்து, நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தது. உள்பக்கம் ஆரஞ்சு நிறம். நடுவில் கிண்ணம். கிண்ணத்தில் துளி தண்ணீர், தண்ணீருக்குள் கரும்பழுப்பாக ஒரே ஒரு உருண்டை. அந்த உருண்டைதான் என் சுவரில் இருந்தது.

"காளான் மாதிரி இருக்கு அத்தை. பட், குடையே இல்ல" என்றாள் மருமகள்.

அன்றைக்கும் மறுநாளும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. ஒரு சோறு வடித்து, ஒரு ரசம் வைத்து, மறுபடி நாற்காலிக்கு வந்துவிடுவேன். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. அந்தத் தோல் ஒரு தோல் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல தோல். வெளித்தோல் தடிப்பு, வெயிலும் பூச்சியும் உள்ளே போகாமல் காப்பது அது. காலை வெளிச்சத்தில் அது பிளந்து நட்சத்திரமாகும். அதற்குள்ளே இன்னொரு தோல், மெல்லிசு, கிண்ணமாகக் குழிந்து உருண்டையை ஏந்திக்கொண்டிருக்கும். இந்த உள்தோல் இதழ்களின் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டு, அடியில் விட்டுப்போய்விடும். மணிக்கணக்காக அப்படியே இருக்கும். நாம் வேறு பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து, குழி மேடாகிவிடும். கிண்ணம் குப்புறத் திரும்பிவிடும். உருண்டை காணாமல் போயிருக்கும். நட்சத்திரத்தின் மேல் வெள்ளையாகக் கண்ணாடிக் குமிழ் போல அந்த உள்தோல் மட்டும் புடைத்து நிற்கும்.

லாண்டரியில் நாங்கள் தலையணை உறையை அப்படித்தான் உதறுவோம். கையை உள்ளே விட்டு இரண்டு மூலையையும் பிடித்து ஒரே உதறில் உள்பக்கத்தை வெளியே கொண்டுவருவோம். உள்ளே கிடக்கிற பஞ்சும் தலைமுடியும் எங்கேயோ போய் விழும். உறையைத் திருப்பத் தெரிந்த எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. கையில்லாமல் அந்தத் தோல் தன்னையே திருப்பி உதறுகிறது, அவ்வளவுதான். அதுவும் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம். கைப்பிடிச் சுவரின் நிழலில் இருக்கிற தொட்டிக்கு எதிர்ச் சுவர் வெள்ளையாகப் பளபளத்தால் அது வேறு எங்கே எறியும்? மண் நிறச் சுவராகவே இருந்திருந்தால் ஒருவேளை எறிந்திருக்காது, எறிந்தாலும் என் கண்ணில் பட்டிருக்காது.

புரிந்த பிறகு என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு நாள் சும்மா இருந்தேன். மர நறுக்கை அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டால் முடிந்தது. புள்ளி வராது. யாருக்கும் தெரியாது. காரிடாரில் எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னவள், இப்போது போய் என்னவென்று சொல்வேன்? நான் கறையைத் தப்பாகச் சொன்னேன் என்றா? அந்த வார்த்தை எனக்கு நாக்கில் வரவில்லை.

மருமகள் சாப்பிடும்போது கேட்டாள், அந்தப் பெயின்டர் அங்கிளுக்கு ரினியூ இந்த மாசம்தானே என்று. எனக்குத் தெரியாது என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஒரு நறுக்கைக் காலண்டர் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு, எம்ஆர்டி ரயிலும் பஸ்ஸுமாக நானே கிராஞ்சிக்குப் போனேன். விற்றவரிடம் கேட்டு நிச்சயம் பண்ணிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் ஒரு நாளைத் தள்ளிப்போட அது ஒரு சாக்கு. பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. நர்சரிக்காரர் என் வயசுச் சீனர். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்தான். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"செண்டாவான் லா, ஆன்ட்டி," என்றார். காளான்தான். ஈர நறுக்கில் வருமாம். அவருடைய வெள்ளை வேனைக் கைகாட்டினார். அதன் பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக இருந்தது. எத்தனையோ தடவை கழுவியாயிற்று, போகவில்லை, இப்போது பழகிவிட்டது என்றார். விற்கும்போது இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றார். நானும் அந்தப் பெயின்டரிடம் சரியாக ஒன்றும் கேட்கவில்லைதான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன, பின்னால் வேலையாட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு லாரியிலும் அந்த முகத்தைத் தேடினேன். இரண்டு பேர் அவரைப் போலவே இருந்தார்கள். அவர் இல்லை. ஊருக்கே போய்விட்டாரோ என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வரைக்கும் பொறுக்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் மருமகளுக்குப் போன் போட்டு, அந்தச் சூப்பர்வைசர் நம்பரைப் பிடித்துத் தா என்றேன்.

சூப்பர்வைசர் போனில் முழுசாகக் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. "ஆன்ட்டி, ஃபார்ம் ஆல்ரெடி போயாச்சு. காளான் எறிஞ்சதுன்னு ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க லா" என்றார். அப்புறம், நாளைக்குப் பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில் திறந்தவெளியாக இருக்கிற வாய்ட் டெக்குக்கு வரச் சொன்னார். அந்தப் பெயின்டரும் அப்போது வருவாராம், கம்பெனி சாமான்களைத் திருப்பிக் கொடுக்க. நான் சொல்வது நிஜம் என்று தன் கண்ணால் பார்த்தால்தான் ஆபீஸில் பேச முடியும் என்றார்.

காலை ஏழு மணிக்கே மல்லிகைத் தொட்டியைப் பார்த்தேன். அன்றைக்கு விரிந்த நட்சத்திரங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. காலையில் விரிந்தது மத்தியானத்துக்குள் எறியும், அது எனக்கு இப்போது தெரியும். எந்தக் காரணத்துக்கும் அசையக் கூடாது என்று மருமகள் தொட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு லிஃப்டில் வந்தாள். நான் ஒரு வெள்ளைத் தலையணை உறையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டேன்.

வாய்ட் டெக்கில் வேலையாட்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயின்டர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார், காலடியில் ஹெல்மெட்டும் இடுப்புப் பெல்ட்டும். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தொட்டியைக் கல் மேஜையில் வைக்கச் சொன்னேன். எதிரில் நாற்காலி முதுகில் உறையை விரித்தேன். பிறகு சூப்பர்வைசரிடம் பேசாமல், பெயின்டர் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"தம்பி, அந்தக் கறை உங்களால வரல. என் தொட்டியில இருந்து வந்துச்சு. நான் தப்பா சொல்லிட்டேன்."

டீ குடித்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கால் மணி நேரம் போனது. சூப்பர்வைசர் மணியைப் பார்த்தார். ஏணிக்காரன் சொன்னான், "கூட்டத்தப் பார்த்து வெக்கப்படுது போல." எல்லாரும் சிரித்தார்கள், நான் உறையை இன்னும் இழுத்து விரித்தேன். நான் சொன்னது தப்பு என்பதைக்கூட நிரூபிக்க முடியாமல் போய்விடுமோ என்று பயம்.

பெயின்டர்தான் வந்தார். தூணை விட்டு நகர்ந்து மேஜைக்கு வந்து, தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். நிழலாக இருக்கிறது என்று சொல்லி, தொட்டியை மெதுவாக இரண்டு கையாலும் தள்ளி, வெளியிலிருந்து வெளிச்சம் விழுகிற மேஜை ஓரத்துக்குக் கொண்டுபோனார். நாற்காலியையும் அதற்கு நேராகத் திருப்பி வைத்தார். சுவரின் மூலையைத் துடைத்த அதே நிதானம். நானும் அவரும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் குனிந்து நின்றோம்.

டிக்.

உறையில் இல்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசரின் வெளிர் நிறச் சட்டைப் பையின் மேல். அவர் தட்டிவிட்டார், போகவில்லை. தேய்த்தார். இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. அதற்குள் உறையில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஏணிக்காரன் சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினான். பெயின்டர் மட்டும் சிரிக்காமல் உறையின் புள்ளியை விரலால் தொட்டு, "இவ்வளவு தூரம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சூப்பர்வைசர் அங்கேயே ஆபீஸுக்குப் போன் செய்தார். இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார், நடுவில் தன் சட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். பிறகு, கம்ப்ளெய்ன்ட்டை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கினால் போதும், ரினியூ ஆகிவிடும் என்று சொன்னார்கள் என்றார். அந்தப் பதினாலு தொட்டியும் கீழே புல்தரைக்குப் போயாக வேண்டும் என்றும் சொன்னார். சரி என்றேன். தானே டேப்லெட்டில் எழுதிவிடுவதாகவும் நான் விரல் வைத்தால் போதும் என்றும் சொன்னார்.

வேண்டாம், தாள் கொடுங்கள் என்றேன். கல் மேஜையில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். எனக்கு நேரம் ஆகும். எல்லாரும் இருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. சுவரில் விழுந்த கறை என் தொட்டியில் முளைத்த காளானால் வந்தது. பெயின்ட் அடித்தவர் மேல் தப்பு இல்லை. அவர் நல்ல வேலைக்காரர். இவ்வளவுதான். கடைசி வரியை யாரும் எழுதச் சொல்லவில்லை. கீழே என் பேரை முழுசாக எழுதினேன்.

சூப்பர்வைசர் தாளை வாங்கக் கையை நீட்டினார். அதற்குள் பெயின்டர் குறுக்கே வந்து, ஒரு நிமிஷம் சார் என்றார். பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஊர்ல சொல்லிட்டேம்மா, திருப்பி அனுப்பப் போறாங்கன்னு. சுவத்தக் கெடுத்துட்டேன்னு சொன்னாங்கன்னும் சொல்லிட்டேன். வீட்ல என்னான்னு கேட்டா காட்டணும்."

தாளை மட்டும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். அவர் தலையை அசைத்தார். போட்டோவில் நானும் தெரிய வேண்டுமாம். சொன்னது யார் என்று தெரிய வேண்டுமாம். நியாயம்தான். எழுந்து நின்றேன். சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டு, தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். டீ குடித்தவர்கள், மருமகள், லிஃப்டுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்கம்மா, எழுத்துல நிழல் விழுது" என்றார்.

தூக்கிப் பிடித்தேன்.